வீட்டுப் பெரியவர்களிடம் பழைய அரசியலைக் கேட்டு எழுதிவைப்பது எப்படி

உங்கள் வீட்டில் எழுபது தாண்டிய ஒருவர் இருக்கிறாரா? அப்படியென்றால் பத்துப் பன்னிரண்டு பொதுத்தேர்தல், மூன்று நான்கு புயல், ரேஷன் கடை வரிசைகள், ஒரு நெருக்கடி நிலை, அப்புறம் உங்களிடம் யாருமே சொல்லாத ஒரு பங்காளிச் சண்டை, இத்தனையும் அவர் தலைக்குள் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டு எழுதிவைக்கவேண்டும் என்று எல்லாருக்கும் ஆசைதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வோம், ஆனால் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கரும்பை மட்டும் கடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். நான் சில வருஷமாக என் சொந்தக்காரர்களைப் பிடித்து உட்காரவைத்து இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் என்பதால் என் உதாரணங்களில் நெல்லும் புயலும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அரசியலைக் கேட்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். "பெரியப்பா, எமர்ஜென்சியைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு டிவி விவாதத்துக்கு வந்த ஆள் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார். நல்லதா கெட்டதா என்பதற்கு அவரிடம் ஒரு தயார் பதில் இருக்கும். அது அவருடைய ஞாபகமாக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை, போன வாரம் வாட்ஸப்பில் வந்ததாகக்கூட இருக்கலாம். அதற்குப் பதிலாக நான் என் பெரியப்பாவிடம் கேட்டது, 1976இல் அவருடைய ஆபீஸில் வருகைப் பதிவேட்டைக் காலையில் எத்தனை மணிக்கு எடுத்து உள்ளே வைத்தார்கள் என்று. அவர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். "பத்து அடிச்சா ரெஜிஸ்டர் சூப்பிரண்டு மேஜைக்குப் போயிடும்டா, அதுக்கப்புறம் வந்தவன் அரை நாள் லீவு எழுதிக் கொடுக்கணும்" என்றார். சொல்லும்போது ஒரு திருப்தி தெரிந்தது, அவருக்கு ஒழுங்கு பிடிக்கும். உடனே அதே மூச்சில், சங்கத்தில் இருந்த ஒருத்தர் திடீரென்று ஆபீஸுக்கு வராமல் போனதையும், ஏன் என்று யாரும் வாய்விட்டுக் கேட்காததையும், பெரியம்மா மட்டும் இருட்டினபிறகு அவர் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததையும் சொன்னார். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் ஆளுநர் ஆட்சி வந்ததும் புத்தகத்தில் இருக்கிறது. பெரியம்மா தூக்கிக்கொண்டு போன அரிசி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நமக்கு வேண்டியது அது.

ஆகவே கேள்வி எல்லாம் பொருளைப் பற்றியதாக, இடத்தைப் பற்றியதாக, பழக்கத்தைப் பற்றியதாக இருக்கட்டும். கருத்து தானாக வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை.

சோற்றிலிருந்து தொடங்குங்கள்

எந்த வீட்டிலும் திறக்கிற கதவு இதுதான். ராத்திரியில் சோறு எப்போது நின்றது? வீட்டுக்குள் கோதுமை முதலில் எப்போது வந்தது, அதை என்ன செய்வது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 1965, 66 வாக்கில் அரிசித் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதை இந்த இரண்டு கேள்வியிலேயே எடுத்துவிடலாம். திங்கள்கிழமை ஒருவேளை சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்ட காலம் அது. உங்கள் வீட்டில் விட்டார்களா, அல்லது விடுவதற்கு ஏற்கெனவே ஒருவேளை இல்லாமலே இருந்ததா என்று கேளுங்கள். டெல்டா மாவட்டக்காரர்கள் வீட்டில் இன்னொன்றும் கேட்கலாம்: மாவட்ட எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகத் தடை இருந்த நாட்களில் பட்டணத்தில் இருந்த மகளுக்கு அரிசி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று. படுக்கைச் சுருட்டுக்குள் வைத்தது, புடவைக்குள் கட்டிக்கொண்டு ரயிலேறியது என்று கதை கதையாக வரும்.

1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றது தி.மு.க. ஜெயித்து வந்து படி அரிசியும் போட்டார்கள், ஆனால் எல்லா ஊருக்கும் இல்லை. என் அத்தை இதைச் சொன்ன விதத்தை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "மெட்ராஸ்லயும் கோயமுத்தூர்லயும் போட்டாங்களாம். நெல்லு வெளையுற ஊர்ல உக்காந்துக்கிட்டு நாங்க வேடிக்கை பார்த்தோம்." ஓட்டு யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவேயில்லை, அந்த வாக்கியத்திலேயே பாதி தெரிந்துவிட்டது. மீதியை அவரே சொன்னார், அடுத்த தேர்தலிலும் உதயசூரியனுக்குத்தான் போட்டாராம். கோபம் வேறு, ஓட்டு வேறு.

பள்ளிக்கூடச் சாப்பாடும் நல்ல நூல்பிடி. மதிய உணவை 1956இல் காமராஜர் தொடங்கினார், 1961இலிருந்து கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவியாகப் பால் பவுடரும் கோதுமை ரவையும் வந்தன, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை, 2022இல் காலை உணவு. அதனால் பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பெரியவர் எந்தக் காலத்து மாணவர் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். ஒரே வீட்டில் மூன்று தலைமுறையை வரிசையாக உட்காரவைத்து இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள், பேச்சு எங்கெங்கோ போகும். யார் தட்டு எடுத்துப் போனார்கள், யார் வீட்டில் "அங்கே சாப்பிடாதே" என்று சொல்லி அனுப்பினார்கள், ஏன் சொன்னார்கள் என்பது வரைக்கும்.

பெயர், பத்திரிகை, பத்திரம்

குடும்பத்தில் உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பெரியப்பா மகன் ஜவகர், ஒரு சித்தப்பா மகன் தமிழ்ச்செல்வன், ஒரு அத்தை மகள் இந்திரா, மாமா வீட்டில் லெனின், எங்கோ ஒரு கென்னடி. இவை ஒவ்வொன்றும் ஒரு முடிவு. யார் வைத்தார்கள், குலதெய்வத்தின் பெயரை வைக்கவேண்டும் என்று யார் சண்டை போட்டார்கள், வீட்டுக்குள் வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? கருணாநிதியின் மகனுக்கு ஸ்டாலின் என்று பெயர் வந்தது 1953 மார்ச்சில், சோவியத் ஸ்டாலின் இறந்த அதே வாரத்தில் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்த மாதிரிக் கதை உங்கள் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டம் எந்தத் தலைமுறையில் விழுந்தது, யார் பெயரோடு விழாமல் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை. பீரோவில் மஞ்சள் தடவிய பழைய பத்திரிகைகள் ஒரு கட்டு கிடைக்கும். தலைமை தாங்கியவர் யார், வாழ்த்துரை யார், ஐயர் வந்தாரா வரவில்லையா? சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் அண்ணா ஆட்சியில், 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் அப்படிக் கல்யாணம் செய்துகொண்ட தாத்தா பாட்டி இருந்தால், சட்டத்தின் கண்ணில் அப்போது அது கல்யாணமே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததா, பயம் இருந்ததா, பாட்டியின் அப்பா என்ன சொன்னார் என்று கேளுங்கள். பாட்டியின் பதிலும் தாத்தாவின் பதிலும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் எழுதுங்கள்.

மூன்றாவது பத்திரம். இங்கேதான் வீடு அமைதியாகும், ஆனால் இதைவிட வளமான இடம் கிடையாது. தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களைப் போலவே பங்கு உண்டு என்ற சட்டம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது. யோசித்துப் பாருங்கள், ஒரே வீட்டில் 1988இல் கட்டிக்கொடுத்த அக்காவுக்குப் பங்கு இல்லை, 1990இல் கட்டிக்கொடுத்த தங்கைக்கு உண்டு. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அக்காவுக்கும் வழி திறந்தது, ஆனால் அதற்குள் பல குடும்பங்களில் பாகப்பிரிவினை முடிந்து, அக்கா கையெழுத்தும் போட்டுக் கொடுத்து, அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்ததோடு விஷயம் தீர்ந்திருந்தது. எந்தச் சித்திக்கும் எந்தப் பெரியம்மாவுக்கும் இடையில் ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்று சின்ன வயதிலிருந்து புரியாமல் இருந்திருந்தால், இந்தத் தேதியை வைத்துக்கொண்டு அவர்களுடைய கல்யாண வருஷங்களைப் பாருங்கள்.

நிலம் இருந்த குடும்பமென்றால் இன்னொரு கேள்வி: ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலம் யார் யார் பெயரில் எழுதப்பட்டது? 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று இருந்ததை 1970இல் 15 ஆக்கினார்கள். அந்த நேரத்தில் பிறந்து மூன்று மாதமான குழந்தை, சமையல்காரர், கோயில் என்று பலரும் திடீரென்று நிலச்சுவான்தார் ஆன கதை எங்கள் பக்கத்தில் உண்டு. சிரித்துக்கொண்டே கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். குத்தகைக்கு உழுத குடும்பமென்றால் இதே கேள்விக்கு வேறு பதில், சிரிப்பு இல்லாமல்.

வருஷத்தைக் கண்டுபிடிக்கிற வித்தை

பெரியவர்களுக்கு ஆங்கில வருஷம் நிற்காது. "அப்ப உங்கப்பனுக்கு மூணு வயசிருக்கும்" என்பார்கள். அப்பனுக்கு மூன்று வயது எப்போது என்று பார்க்கப்போனால் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி தலைமை ஆசிரியர் போட்டது. மே, ஜூன் மாதப் பிறந்தநாள் என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், பள்ளியில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்கவேண்டும் என்பதற்காக எழுதின தேதியாக இருக்கும்.

இதற்குத் தேர்தல் சின்னம்தான் கைகண்ட மருந்து. தேதி மறந்தவர்கள்கூடச் சுவரில் எழுதின சின்னத்தை மறப்பதில்லை, அதிலும் சின்ன வயதில் சுண்ணாம்பு வாளி தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினவர்கள் மறக்கவே மாட்டார்கள். காங்கிரசுக்கு இரட்டைக் காளை என்றால் 1969இல் கட்சி உடைவதற்கு முன்னால். பசுவும் கன்றும் என்றால் அதற்குப் பிறகு, இந்திரா காங்கிரஸ், 1971, 77 தேர்தல்கள். கை என்றால் 1978க்கு இந்தப் பக்கம். ராட்டை சுற்றுகிற பெண் என்று சொன்னால் உங்கள் தாத்தா காமராஜரோடு பழைய காங்கிரசில் நின்றவர். இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலிலிருந்து. சேவலும் இரட்டைப் புறாவும் இன்னும் கச்சிதம்: எம்.ஜி.ஆர். இறந்தபிறகு கட்சி ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று பிரிந்து நின்ற 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தல்தான் அது. மூப்பனாரின் சைக்கிள் 1996இலிருந்து. உதயசூரியனை மட்டும் வைத்து வருஷம் சொல்லமுடியாது, அது அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

ஓட்டுப் போட்ட முறையும் உதவும். 1952, 57 தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும், சீட்டை வேண்டிய பெட்டிக்குள் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். 1962இலிருந்து ஒரே சீட்டில் முத்திரை குத்துவது. 2001 சட்டமன்றத் தேர்தலிலிருந்து தமிழ்நாடு முழுக்க இயந்திரம். "காளை மாட்டுப் பெட்டியில போட்டேன்" என்று ஒரு பாட்டி சொன்னால், அவருக்கு வயது என்ன என்பதைப் பெருமூச்சு விட்டபடி கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், தொண்ணூறுக்குக் குறையாது, ஏனென்றால் அப்போது ஓட்டுரிமைக்கு 21 வயது ஆகியிருக்கவேண்டும். 18 என்று ஆனது 1989 மார்ச்சில். 1970இல் பிறந்த மாமா அந்த வருஷம் ஜனவரியில் சேவலா புறாவா என்று ஊரே அமளிதுமளியாக இருந்ததை வேடிக்கை மட்டும் பார்த்திருப்பார், நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டே போட்டிருப்பார்.

இன்னும் சில அடையாளங்கள். காசு: அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முன், நயா பைசா என்றால் அதிலிருந்து ஏழெட்டு வருஷத்துக்குள். புயல்: நாகப்பட்டினம் பக்கத்தில் 1952 நவம்பர் கடைசி, 1977 நவம்பர் 12. ராமேசுவரம் பக்கம் என்றால் தனுஷ்கோடி போன 1964 டிசம்பர். ஊரில் கணக்கெழுதும் கர்ணமும் வரி வசூலிக்கும் மணியக்காரரும் இருந்தார்கள் என்றால் 1980க்கு முன், அந்த நவம்பரில்தான் எம்.ஜி.ஆர். அந்தப் பதவிகளை ஒழித்தார். தமிழ் வருஷப் பெயரைச் சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அறுபது வருஷச் சுற்று என்பதை மறக்கவேண்டாம். குரோதி 1964-65லும் வந்தது, 2024-25லும் வந்தது.

சரிபார்க்கத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் முதல் தேர்தலிலிருந்து எல்லாத் தொகுதிகளின் புள்ளிவிவர அறிக்கையும் இலவசமாகக் கிடைக்கிறது. வேட்பாளர், கட்சி, வாங்கிய ஓட்டு எல்லாம் அதில் இருக்கும். விருதுநகரில் 1967இல் காமராஜர் தோற்றது 1,285 ஓட்டில் என்பதை ஊர்ப் பெரியவர் ஒருவர் "நூறு ஓட்டுல போச்சு" என்று சொன்னால் அங்கே பார்த்துக்கொள்ளலாம். தொகுதி மறுசீரமைப்பில் 2008இல் பெயரும் எல்லையும் நிறைய மாறிவிட்டதால் பழைய தொகுதிப் பெயரை அவரிடமே கேட்டுக்கொண்டு தேடுங்கள். பழைய இதழ்கள் வேண்டுமென்றால் சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

தப்பாகச் சொன்னால்

குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். நம் வீட்டு இளவட்டங்கள் கையில் போனை வைத்துக்கொண்டு, தாத்தா ஒரு வருஷம் சொன்னதும் "இல்ல தாத்தா, அது 1972" என்று படித்துக்காட்டுவார்கள். தாத்தா வாயை மூடிக்கொள்வார், அன்றைய பொழுது போச்சு.

தப்பான ஞாபகத்திலும் சரக்கு உண்டு. காந்தியைப் பார்த்தேன் என்று சொல்கிற முதியவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவர் கடைசியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது 1946 ஜனவரி, பிப்ரவரியில், சென்னைக்கு வந்து மதுரை, பழனி வரைக்கும் போனார். 1944இல் பிறந்த ஒருவர் ரயில் ஜன்னலில் காந்தி கும்பிட்டதைப் பார்த்ததாகச் சொன்னால், அவருக்கு அப்போது இரண்டு வயது ஆகியிருந்தாலே அதிகம். அவருடைய அப்பா தோளில் தூக்கிவைத்துக் காட்டியிருக்கலாம், அதை அப்பா நூறு தடவை சொல்லிச் சொல்லி மகனுடைய கண்ணே பார்த்தமாதிரி ஆகியிருக்கலாம். "உங்கப்பா அதை எப்படிச் சொல்வார்?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், அப்பா என்கிற புது ஆள் ஒருவர் கதைக்குள் வந்துவிடுவார். எழுதும்போது அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டு, கீழே உங்கள் குறிப்பாகத் தேதியைப் போடுங்கள். இரண்டையும் கலக்கவேண்டாம்.

பாட்டியிடம் தனியாக

ஹாலில் ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது பாட்டியிடம் தேர்தலைப் பற்றிக் கேட்டால் "எனக்கென்னடா தெரியும், அவங்களைக் கேளு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது போங்கள், நீங்களும் ஒரு கட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். யாருக்குப் போடச் சொன்னார்கள்? நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்? எங்கள் வீட்டில் தாத்தா கதர்ச்சட்டைக்காரர். முதல் கேள்விக்குப் பாட்டி தயங்காமல் பதில் சொன்னார். இரண்டாவதற்கு, கீரைத் தண்டை ஒடித்தபடியே, ஹால் பக்கம் ஒருதரம் எட்டிப்பார்த்துவிட்டு, "எம்ஜியாருக்குத்தான். இதுல என்ன இருக்கு?" என்றார். தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் எட்டிப்பார்த்தார்.

பெண்களின் கதையில் கட்சி குறைவாகவும் கடன், தண்ணீர், சாராயம் அதிகமாகவும் வரும். மதுவிலக்கு 1971இல் எடுக்கப்பட்டபோது வீட்டில் என்ன மாறியது என்பதை ஆண்களிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அதே மாதிரி 2003இல் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியாக வேலைநீக்கம் செய்தார்களே, அந்த ஜூலை மாதம் உங்கள் வீட்டில் வாத்தியாரோ குமாஸ்தாவோ இருந்திருந்தால், மளிகைக் கடையில் கடன் சொன்னது யார் என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்பா சங்கத்தின் தீர்மானங்களை ஒப்பிப்பார், கடைக்காரர் முகம் எப்படி இருந்தது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

சாதி வரும் இடம்

வரத்தான் செய்யும், வராவிட்டால் நீங்கள் சரியாகக் கேட்கவில்லை. "நீங்க சாதி பார்ப்பீங்களா" என்று கேட்டால் உலகத்தில் யாரும் பார்ப்பதில்லை. வாசல் வழியாக யார் வருவார்கள், கொல்லைப்பக்கமாக யார் வருவார்கள், டீக்கடையில் யாருக்கு எந்தக் கிளாஸ், அறுவடைக் கூலி எங்கே நின்று வாங்கவேண்டும் என்று கேளுங்கள். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு கேட்டுத் தொடங்கின பகை அது. டெல்டாவில் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் இன்றைக்கும் அதை "அந்தக் கூலித் தகராறு" என்று ஒரு மாதிரி இறக்கிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதை நீங்களாக நல்ல வார்த்தை போட்டு மாற்றி எழுதாதீர்கள், அந்த வாய் அந்தச் சொல்லைச் சொன்னது என்பதே பதிவு. கூடவே நடந்தது என்ன என்பதையும் உங்கள் பெயரில் எழுதிவையுங்கள். சொந்தத் தாத்தாவாக இருந்தாலும் சரி. சாகும்வரை அவர் நல்ல மனிதராக நமக்கு இருந்திருக்கலாம், அது வேறு.

பக்கத்துத் தெருவிலும் போய்க் கேட்கலாமே என்று தோன்றும். பழக்கம் இருந்தால் போங்கள். இல்லாத பழக்கத்துக்குப் போனைத் தூக்கிக்கொண்டு திடீரென்று போய் நின்றால், பழைய மிராசு வீட்டுப் பேரன் கணக்கெடுக்க வந்திருக்கிறான் என்றுதான் தோன்றும், நியாயமும் அதுதான்.

போன், ஃபேன், குக்கர்

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், போனில் இருக்கிற ஒலிப்பதிவுச் செயலி போதும். வீடியோ எடுத்தால் பாதிப் பேர் சட்டையைச் சரிசெய்துகொண்டு மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள், குரல் மட்டும் எடுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, முக்காலியில் மடித்த துண்டின்மேல் வையுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், முடியாதென்றால் வேகத்தைக் குறையுங்கள். குக்கர் விசில் நேரம், பால்காரர் நேரம், சாயங்கால சீரியல் நேரம் மூன்றும் ஆகாது. காலைப் பலகாரத்துக்குப் பின்னாடி பத்து மணி வாக்கில் நல்ல நேரம். நன்றாகக் கேட்கிற காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உட்காருங்கள். ஆரம்பத்தில் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர் மூன்றையும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், காப்பி வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், முக்கியமான விஷயம் பெரும்பாலும் காப்பி டம்ளரை கையில் வாங்கினபிறகுதான் வருகிறது.

பழைய போட்டோ ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பேச்சு நன்றாக ஓடும். ஒட்டின படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள், அப்படியே படமெடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ முத்திரையையும் பின்பக்கத்து எழுத்தையும் சேர்த்து எடுங்கள்.

பேச்சை வாட்ஸப்பில் குரல்செய்தியாக அனுப்பிவைத்துக்கொண்டு பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கவேண்டாம், போன் மாறும்போது அது போய்விடலாம். கணினியில் ஒன்று, வெளியே ஒரு வன்தட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. கோப்புப் பெயரில் தேதி, ஆள், ஊர் வந்துவிடவேண்டும். எழுதும்போது பேச்சு வழக்கைப் பேச்சு வழக்காகவே எழுதுங்கள். போனில் குரலை எழுத்தாக்கும் வசதி இருக்கிறது, தஞ்சாவூர்ப் பாட்டியின் வேகத்துக்கு அது திணறும், முதல் வரைவுக்கு வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுத் திருத்தவேண்டியதுதான்.

சண்டை வந்தால்

வரும். பெரியப்பா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்தால் 1967 ஐந்து நிமிஷத்தில் முடிந்து இன்றைய ஆட்சிக்கு வந்துவிடுவார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். இன்றைய அரசியலுக்குள் பேச்சு நழுவினால் மறுத்துப் பேசாமல் ஏதாவது ஒரு பொருளைக் கேட்டு இழுத்துவாருங்கள்: "அந்த மீட்டிங்குக்கு எதுல போனீங்க? மாட்டு வண்டியா, லாரியா?" லாரி என்றால் யாருடைய லாரி, டீசல் யார் போட்டது, திரும்பும்போது சாப்பாடு எங்கே என்று ஒரு மணி நேரம் ஓடும்.

சொல்லிவிட்டு "இதை யாருகிட்டயும் காட்டாதே" என்றால் அந்தப் பகுதியைத் தனிக்கோப்பில் எடுத்துப் பூட்டிவையுங்கள், அழி என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள். சொத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிற குடும்பமென்றால் பத்திரம் பற்றிய பேச்சைக் குடும்பக் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள், யாராவது ஒரு வக்கீல் கைக்குப் போய்ச் சேரும். நன்கொடை கொடுத்தது, லஞ்சம் கொடுத்தது, வேலை வாங்கியது போன்றவற்றில் உயிரோடு இருக்கும் வெளியாட்களின் பெயரை எடுத்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, பேசினவர் கையில் ஒரு பேனாவோடு கொடுங்கள். திரையில் காட்டினால் "நல்லாருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், தாளில் கொடுத்தால் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அடித்துத் திருத்துவார்கள். என் பெரியப்பா ஓரத்தில் எழுதினது சொன்னதைவிட நீளம். திருத்தின தாளையும் படமெடுத்துச் சேர்த்துவையுங்கள். சித்தப்பா அதைப் படித்துவிட்டு "இதெல்லாம் பொய், அண்ணன் அன்னிக்கு ஊர்லயே இல்ல" என்று நாலு பக்கத்துக்கு மறுப்பு எழுதிக்கொடுத்தால் அதையும் வாங்கிப் பின்னாலேயே இணைத்துவிடுங்கள், தேதி போடச் சொல்லி.